பொட்டு வைத்த மோட்டார்

உட்காருங்கள், உட்காருங்கள். என்னைப் பார்த்து எழுந்து நிற்க நான் ஒன்றும் ஹெச்.எம். இல்லை. இருபத்திரண்டு வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைத்தவள். அதில் கடைசிச் சில வருஷம் ஆறாம் வகுப்பில் மீனும் வளர்த்தவள். ஆயாதான். நீங்களும் ஆயாதான். இப்போது உங்களை ஸ்டாஃப் என்கிறார்களாம், கழுத்தில் அட்டை வேறு தொங்குகிறது. பார்க்க எவ்வளவு ஜோராக இருக்கிறது! எனக்குக் கொடுத்திருந்தால் அதைப் போட்டுக்கொண்டே மார்க்கெட்டெல்லாம் சுற்றியிருப்பேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உங்கள் டீச்சர் எழுதிக்கொள்கிறார். என் பேச்சைத் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டார். போடட்டும். சாயம் போகாமல் இருந்தால் சரி.

தொட்டியை எப்படிக் கழுவுவது, எத்தனை சிட்டிகை தீனி போடுவது, லாரித் தண்ணீரை எத்தனை நாள் வாளியில் பிடித்துவைத்த பிறகு ஊற்றுவது, இதெல்லாம் டீச்சர் காட்டுவார். அதற்கு நான் வேண்டாம். ஒரு வகுப்பே ஆசை ஆசையாக வளர்த்த மீனை நான் எப்படிச் சாகடித்தேன், சாகடித்த பிறகு அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை எப்படிச் செய்தேன் என்று சொல்லத்தான் வந்தேன். இதை இவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாளே என்று பார்க்காதீர்கள். என் முகம் அப்படி. என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கே, ‘இந்தம்மா சிரிக்குதா அழுவுதா’ என்று கேட்டவர்கள் உண்டு.

அந்த வருஷம்தான் முதல் முதலாக வகுப்புக்குத் தொட்டி வந்தது. பள்ளிக்குப் பின்னால் பூங்காவில் ஒரு குட்டை இருக்கிறதே, அதைத் தூர்வாரி முடித்திருந்தார்கள். தூர்வாரும்போது உள்ளே இருந்ததெல்லாம் ஜிலேபி மீன். ஜிலேபி நம் ஊர் மீன் இல்லை, எங்கிருந்தோ வந்தது. தன் குஞ்சை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும், அடுத்த மீனின் முட்டையைத் தேடிப்போய்த் தின்னும். கெட்டிக்காரி! அது புகுந்த குட்டையில் நாட்டுக் கெண்டை மிஞ்சாது. காலேஜ் பிள்ளைகள் மாதக் கணக்கில் வலை போட்டு, தண்ணீரை இறைத்து, சேற்றைத் துழாவி, ஒன்றுகூட விடாமல் எடுத்தார்கள். மழை வந்து குட்டை நிறைந்ததும் அதில் நாட்டுக் கெண்டையை விட வேண்டும். அந்தக் கெண்டையைப் பிள்ளைகளே வகுப்பில் குஞ்சிலிருந்து வளர்த்து விட வேண்டும். நாம் தெருவில் போடுவது எந்தச் சாக்கடைக்குப் போகிறது, அந்தச் சாக்கடை எந்தக் கால்வாயில் விழுகிறது, கால்வாய் எந்த ஆற்றில், ஆறு எந்தக் கடலில் என்பதெல்லாம், தான் வளர்த்த மீன் அங்கே நீந்தினால்தான் பிள்ளை மனதில் தைக்கும் என்று ஏற்பாடு.

ஏற்பாடு செய்தவர் சயின்ஸ் மிஸ். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். குஞ்சுகள் பிளாஸ்டிக் பையில் வந்த அன்று, பையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே சீரகம் சீரகமாக உயிர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“ஆயா, நேக்குப் புஸ்தகத்துல இருக்கற மீன்தான் தெரியும். எங்காத்துல மீன்னு வாயால சொன்னாலே பாட்டி எழுந்து போயிடுவா. நீங்கோ ஆத்தங்கரைல பொறந்தவா. இனிமே மீன் விஷயத்துல நீங்கோதான் என் கண்ணு.”

“புக்கு உங்குளுது, மீனு என்னுது. வுடுங்க மிஸ்ஸு, ஜமாய்ச்சிடலாம்.”

எனக்கு எவ்வளவு பெருமை! கக்கூஸ் கழுவுகிறவளைப் பார்த்து நீதான் என் கண் என்று ஒரு டீச்சர் சொன்னால் சும்மாவா? அன்று சாயங்காலம் கரை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அப்போது எங்கள் வீடு அடையாற்றங்கரையில்தான். எந்த மீனையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே பெயர் சொல்லுவேன். இப்போதும் சொல்லுவேன், வேண்டுமானால் கொண்டுவந்து பாருங்கள்.

வகுப்பில் மீன் நோட்டு எழுதுகிற வேலையை மிஸ் ஜெனியிடம் கொடுத்தார். ஜெனியும் எங்கள் கரைப் பிள்ளை, என் வீட்டிலிருந்து நாலு குடிசை தள்ளி. அவள் அம்மா பெசன்ட் நகரில் வீட்டு வேலை செய்தாள். ஜெனி ஒல்லியாக, முட்டிக்கு முட்டி தழும்போடு இருப்பாள். வாய் பேசாது, கண் பேசும். மிஸ் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: “பார்த்ததை எழுது ஜெனி. நெனச்சதை எழுதாதே.” தினம் காலையில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். மூக்குத் தடத்தைத் துடைப்பது என் வேலை.

“ஆயா, வால்கிட்ட கறுப்பா ஒரு புள்ளி வந்துகீது பாரு!”

“கெண்டைக்கு அதான் பொட்டு. இன்னும் ஒரு மாசம் போனா நல்லா தெரியும்.”

அதை அப்படியே நோட்டில் எழுதி, எனக்குப் படித்தும் காட்டுவாள்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் ஆயுத பூஜை என்றால் ஆயா வீட்டுக் கல்யாணம் மாதிரி. பீரோ, மணி, கம்ப்யூட்டர், தண்ணீர் டேங்க் மோட்டார், என் துடைப்பம் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். துடைப்பத்துக்கு ஏன் என்று ஒரு சார் கேட்டார். நீங்கள் பேனாவுக்கு வைக்கவில்லையா என்றேன். பூஜை போட்ட கருவியை அன்று ஓட்டக் கூடாது, தெரியும்தானே? விஜயதசமி காலையில்தான் மறுபடி எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருந்தவர். ஆயுத பூஜை அன்று மிஷினைத் தொட்டால் அடுத்த நாள் மிஷின் உன் விரலைக் கேட்கும் என்பார். இரண்டு விரல் இல்லாதவர் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா?

கடைசியாக ஆறாம் வகுப்புக்கு வந்தேன். தொட்டிக்குக் காற்று ஊதுகிற சின்ன மோட்டார் குறுகுறு என்று ஓடிக்கொண்டிருந்தது. ஜூலையிலிருந்து ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் லீவே இல்லாமல் வேலை செய்வது நானும் அதுவும்தான் என்று தோன்றியது. அந்த சுவிட்சுக்கு மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். படிக்கத் தெரியாததால் தவறு செய்துவிட்டாள் என்று பின்னால் பலர் எனக்காகப் பேசினார்கள். அதை நம்பாதீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஜெனி படித்துச் சொல்லியிருந்தாள். எந்தக் காரணத்துக்கும் அணைக்கக் கூடாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துதான் அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கி, மோட்டாரைத் துடைத்து, பெரிய பொட்டாக வைத்து, “நீயும் ரெண்டு நாளு பட்துக்கோமா” என்றேன். மீனுக்கும் பண்டிகைதானே என்று ஒரு கை நிறையப் பொரி அள்ளித் தொட்டியில் போட்டேன். சாமந்தி இரண்டு மிதக்கவிட்டேன். அழகாக இருந்தது. கதவைப் பூட்டும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தேன், அவ்வளவு அழகு.

அது வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளி பூஜை, சனி விஜயதசமி. சனிக்கிழமை காலையில் சின்ன வகுப்புக்கு அட்மிஷன் போட வாட்ச்மேன் பள்ளியைத் திறப்பார். நான் வந்து பிளக்கைச் சொருகிவிடுவேன். இதுதான் என் கணக்கு.

சனிக்கிழமை விடிந்ததும், கரையில் உள்ள வீடுகளைக் காலி செய்யக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்துவிட்டார்கள். கையில் பெயின்ட் டப்பா. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நம்பர் எழுதி, ரேஷன் கார்டு பார்த்து, ஆளை வாசலில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஆள் இருந்தால், ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் மாற்று வீட்டுக்கு டோக்கன். ஆள் இல்லாவிட்டால் வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பூட்டியிருந்த வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் அலைகிறார்கள். எங்கள் வரிசைக்கு இதோ வருகிறார்கள், அதோ வருகிறார்கள் என்று சனி முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு மத்தியானம்தான் வந்தார்கள்.

நான் எழுந்து போயிருக்க முடியாது. அதை இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் என் இடுப்பில் போன் இருந்தது. எனக்கு நம்பர் படிக்கத் தெரியாது என்று ஜெனிதான் அதில் ஒன்றாம் பட்டனில் மிஸ்ஸைப் போட்டு வைத்திருந்தாள். அமுக்கிப் பிடித்தால் மிஸ் எடுப்பார். மிஸ் வாட்ச்மேனுக்குச் சொல்லுவார், வாட்ச்மேன் பிளக்கைச் சொருகுவார். முடிந்தது. விரலை அந்தப் பட்டன் மேலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அமுக்கினால், ஏன் ஆயா அணைச்சேள் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அப்போது என் வேலை டெம்பரவரி, வருஷா வருஷம் காகிதம் வந்தால்தான் உண்டு. வீடும் போய் வேலையும் போனால்? ஆற்றில் எந்த மோட்டார் ஓடுகிறது, அதில் மீன் இல்லையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்றாக இருந்தது அந்தப் பேச்சு. அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு நாளை ஓட்டினேன்.

பெண்களே, உங்கள் தொட்டியில் தப்பு நடந்தால் இந்த மாதிரி நல்ல பேச்சு ஒன்று வாய்க்குள் தானாக வரும். அது வந்த உடனே போனை எடுங்கள்.

திங்கட்கிழமை ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தேன். நாற்றம்தான் முதலில். பொரி ஊறி உப்பி, தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடந்தது. மேலே முழுக்க வெள்ளை வயிறு. ஆறு குஞ்சு மட்டும் வாயைத் தண்ணீருக்கு மேல் நீட்டித் திறந்து மூடிக்கொண்டிருந்தன. பிளக்கைச் சொருகினேன். பொட்டு வைத்த மோட்டார் சந்தோஷமாக ஓடியது. அதற்கு என்ன தெரியும்?

செத்ததையெல்லாம் முறத்தில் அள்ளி, பின்பக்கம் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். நான் ஆயிரம் மீன் அறுத்திருக்கிறேன், கண் கலங்கியதில்லை. அன்றைக்கு மண்ணைத் தள்ளுவதற்கு முன்னால் குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் வாலிலும் அந்தப் புள்ளி இருந்தது.

ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடும். எனக்கு இரண்டு வழி இருந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்து மிஸ் வந்ததும் சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் அழுதிருப்பார்கள், ஒரு நாள், இரண்டு நாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினேன்.

என் கொழுந்தன் மணி காலையில் வலை வீசுகிறவன். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

“இன்னா அண்ணி, பண்டிகை முட்ஞ்ச ஒடனே கொயம்பா?”

“குஞ்சு வோணும்டா. உசுரோட. கெண்டக் குஞ்சு.”

“கெண்டையா? இந்த ஆத்துலயா? அண்ணி, இந்தத் தண்ணில நீ எறங்குனாகூட பொயைக்க மாட்ட. ஜிலேபிதான் கீது. அதுதான் எதக் குட்தாலும் துன்னுட்டு இருக்குது.”

“செரி, அதக் குடு.”

“குஞ்ச வெச்சிகினு இன்னா பண்ணப் போற?”

“வாய மூடிகினு குட்றா.”

கொடுத்தான். தண்ணீரை மாற்றி, தொட்டியை அலம்பி, எட்டரைக்குள் ஜிலேபிக் குஞ்சை விட்டுவிட்டேன். உயிரோடு மிச்சமிருந்த ஆறு கெண்டையும் இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தன. ஜிலேபிக்குப் பக்கத்தில் அரை உயிரோடு இருந்தால் வேறு என்ன ஆகும்?

பிள்ளைகள் ஓடிவந்தார்கள். “ஆயா! மீனுலாம் குண்டாயிட்ச்சி!” என்று ஒரே கூச்சல். “லீவுல நீங்க குண்டாவுல? அது மாரிதான்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் பாருங்கள். ஜெனி மட்டும் கண்ணாடியில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் நின்றாள்.

“ஆயா, இதுக்குப் புள்ளி முதுவுல கீது.”

“எங்கடி?”

“முதுவு மேல, துடுப்புல. வால்ல இல்ல.”

ஜிலேபிக் குஞ்சுக்கு முதுகுத் துடுப்பில்தான் புள்ளி. நான் பார்க்காமலே சொல்லுவேன். “உள்ள போய் ஒக்காரு, மணி அட்ச்சிட்டாங்க” என்று மட்டும் சொன்னேன்.

அவள் நோட்டில் எழுதிவிட்டாள். முதல் பாடம் மிஸ்ஸுடையது. நோட்டைப் பார்த்த மிஸ், வராண்டாவில் இருந்த என்னைக் கூப்பிட்டார். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆயா, புள்ளி எடம் மாறிடுத்துன்னு இவ எழுதியிருக்காளே?”

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. என்னை நம்பிக் கேட்டார்.

“லீவுல வளந்துகீது மிஸ்ஸு. வளந்தா புள்ளி முதுவுக்கு ஏறும்.”

“அப்படியா? எவ்வளவு ஆச்சரியமா இருக்கு!” என்று மிஸ் ஜெனி பக்கம் திரும்பினார். “அது வேற மீனோன்னு சந்தேகமா எழுதியிருக்கியே, அதை அடிச்சுட்டு, புள்ளி மேல ஏறிடுத்துன்னு எழுதும்மா. மீன் விஷயத்துல ஆயாவுக்குத் தெரியாததா?”

“நான் பாத்தேன் மிஸ். இது அது இல்ல.”

“ஜெனி.”

“நான் பாத்தேன் மிஸ்.”

பின் பெஞ்சிலிருந்து ஒரு வாண்டு அதே குரலில், “நான் பாத்தேன் மிஸ்ஸ்ஸ்” என்று இழுத்தது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. ஜெனி என்னைப் பார்த்தாள். நான் தொட்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் அந்த வரியை அடித்தாள். பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போன சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

அன்று முதல் அவளுக்குப் ‘புள்ளி’ என்று பெயர். தொட்டிப் பக்கமே வரவில்லை. நோட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை தினமும் ‘மீன் நலம்’ என்று எழுதியது. கண்ணாடியில் மூக்குத் தடம் இல்லை, எனக்கு ஒரு வேலை குறைந்தது.

மழை வந்தது. குட்டை நிறைந்தது. மீன் விடும் நாள் குறித்தார்கள். அதற்குள் நான் சொல்லிவிட எத்தனையோ நாள் இருந்தது, ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. எங்கள் கரையிலும் நாள் குறித்துவிட்டார்கள், மழை விட்டதும் லாரி வரும், சாமானைக் கட்டி வையுங்கள் என்று. நான் வீட்டில் பாத்திரத்தைக் கட்டுவேன், பள்ளிக்கு வந்து ஜிலேபிக்குத் தீனி போடுவேன்.

மீன் விடும் அன்றைக்குத் தூறல். வார்டில் ஒரு பெரிய மனிதர் குடை பிடிக்க ஆளோடு வந்திருந்தார். மீன் இருந்த வாளிக்குச் சாமந்திச் சரம் சுற்றி, பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு வைத்திருந்தார்கள். அதில் மொண்டு மொண்டு விட வேண்டும். பிள்ளைகள் படியில் வரிசையாக. மிஸ் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார், மழையில் பட்டுப்புடவை! அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. மதில் ஓரமாக நின்ற ஜெனியை அவர் மறக்கவில்லை.

“ஜெனி, மொதல்ல நோட்டு எழுதினவ நீதான். மொதல் சொம்பு நீ விடு, வா.”

“வாணாம் மிஸ்.”

“ஏண்டி?”

“அது நம்ம மீனு இல்ல மிஸ்.”

‘புள்ளி’, ‘புள்ளி’ என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பெரிய மனிதரும் சிரித்தார். “நம்ம மீனு இல்லன்னா எதிர்க்கட்சி மீனாம்மா?” என்றார். அவரோடு வந்த ஆட்கள் அதற்கு ரொம்பச் சிரித்தார்கள். அவரே சொம்பை எடுத்து, வாளியில் முக்கி, போட்டோவுக்கு நின்று, குட்டையில் கவிழ்த்தார். நாலைந்து குஞ்சு வெயில் பட்ட ஊசி மாதிரி மின்னிப் போனது. மழை நாளில் வெயில் ஏது என்று கேட்காதீர்கள், போட்டோக்காரன் விளக்கு போட்டான்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. ஓடிப்போய் வாளியைக் கட்டிப்பிடித்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஊத்தாதீங்க! இது ஜிலேபி! நம்ம மீனு பூஜைக்கே செத்துப்பூட்ச்சி! நான்தான் மோட்டார நிறுத்துனேன். நான்தான் இத ஆத்துலேர்ந்து கொண்டாந்தேன். அந்தப் பொண்ணு சொன்னதுதான் நெசம்!”

யாரும் சிரிக்கவில்லை. பெரிய மனிதர் கையில் காலிச் சொம்போடு நின்றார். மிஸ் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொம்பு முன்னால் சொல்லியிருந்தால் குட்டை பிழைத்திருக்கும். பிற்பாடு மணியைக் கூட்டிவந்து இரண்டு நாள் வலை போடவைத்தேன். இரண்டு குஞ்சு கிடைத்தது. மிச்சம் இரண்டோ மூன்றோ உள்ளே இருந்தன. ஜிலேபிக்கு ஒரு ஜோடி போதும்.

மறுநாள் காலையில் மிஸ் வகுப்புக்குள் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். என்னை நிற்கவைத்துவிட்டு, தானே முதலில் ஜெனியின் பெஞ்சுக்குப் போனார்.

“ஜெனி, நீ பார்த்து எழுதினதை நான் பார்க்காமலே அடிக்கச் சொன்னேன். தொட்டி பத்து அடி தூரத்துலதான் இருந்தது. ஒரு தரம் எழுந்து போய்ப் பார்த்திருந்தா நேக்கே தெரிஞ்சிருக்கும். தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுடு.”

பதினோரு வயசுப் பிள்ளையிடம் டீச்சர் இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. பிள்ளைகளும் பார்த்ததில்லை. பின் பெஞ்சு வாண்டு தலையைக் குனிந்துகொண்டது. பிறகு என் முறை.

“ஆயாவ மன்னிச்சிடு கண்ணு” என்றேன்.

அவள் எழுந்து நின்று என்னைக் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. கணக்குப் புரியாத பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அது ஜிலேபின்னு உனுக்கு அப்பவே தெரியுமா ஆயா?”

“தெரியும்.”

“நான் மிஸ்ஸாண்ட சொல்றப்பவே?”

“ஆமா.”

“அப்ப நான் பொய் சொல்லலன்னும் உனுக்குத் தெரியும்.”

நான் தலையாட்டினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மீன் செத்ததை மன்னிக்கலாம், கண்ணுங்களா. மீன் திரும்ப வாங்கலாம். ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்துச் சரியாகச் சொன்னதை, சரி என்று தெரிந்த ஒரே ஆள் நான், தப்பு என்று ஆக்கினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் வேலை போகவில்லை. மிஸ் எனக்காக ஹெச்.எம்.மிடம் பேசினார் என்று கேள்வி. தொட்டியையும் என்னிடமே விட்டார். ஆனால் என்னைக் கண்ணு என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை. அன்றுதான் இந்தச் சட்டம் வந்தது. ஆயா சொல்வதைப் பிள்ளை போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை எழுதியதை மிஸ் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்க்க வேண்டும். உங்களுக்கு இது இரட்டை வேலையாகத் தெரியும். முணுமுணுக்கிறீர்கள் என்று டீச்சர் சொன்னார். அது என்னால் வந்தது, என்னைத் திட்டுங்கள். ஆனால் செய்யுங்கள்.

குட்டையைப் போய்ப் பாருங்கள். அடுத்த மழைக்குள் முழுக்க ஜிலேபி ஆகிவிட்டது. அதற்கு அப்புறம் இரண்டு வருஷம் கெண்டை விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டுக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு ரொம்பச் சந்தோஷம். உங்கள் பிள்ளைகள் வளர்க்கிற மீனை இப்போது ஏன் வேனில் ஏற்றி அவ்வளவு தூரம் கொண்டுபோய் வேறு குளத்தில் விடுகிறார்கள் என்று யாராவது கேட்டால், இதுதான் பதில்.

பெரும்பாக்கத்தில் எனக்கும் ஜெனி வீட்டுக்கும் ஒரே பிளாக்கில் வீடு விழுந்தது. நான் மூன்றாவது மாடி, அவள் நாலாவது. இப்போது காலேஜ் போகிறாள், என்னைவிட உயரம். மரியாதையான பிள்ளை. படியில் பார்த்தால், “சாப்ட்டியா ஆயா?” என்று கேட்பாள். பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எங்களுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். நான் வராண்டாவிலேயே உட்கார்ந்திருப்பதால், லாரி வளைவில் திரும்பும்போதே முதலில் எனக்குத்தான் தெரியும். “தண்ணி வந்துட்ச்சி!” என்று கத்துவேன். தொண்டை இன்னும் அப்படியே இருக்கிறது, பிளாக் முழுக்கக் கேட்கும். எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடுவார்கள். ஜெனி மட்டும் நாலாவது மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்ப்பாள். லாரி நிற்பதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போய்க் குடத்தை எடுப்பாள். அதற்குள் வரிசை நீண்டுவிடும். எனக்கு முன்னால் நின்றுகொள் என்று நான் நகர்ந்து இடம் விடுவேன்.

“இருக்கட்டும் ஆயா” என்று சொல்லிவிட்டு, கடைசியில் போய் நிற்பாள்.